அம்மாவின் பையை இனி நீங்கள்தான் திறக்க வேண்டும்

இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்ட, அதாவது பிடித்துக்கொண்டு போய் எங்கே என்றே தெரியாமல் ஆக்கப்பட்ட ஒருவர் இருக்கிற வீட்டில் கட்டாயம் ஒரு பை இருக்கும். புடவைக்கடைப் பையோ, பழைய பாடசாலைப் பையோ, அலுமாரிக்கு மேலேயோ சாமிப்படத்துக்குப் பின்னாலேயோ இருக்கும். உள்ளே நாலைந்து சின்னப் படங்கள், மடிப்பில் கிழிந்துபோன பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் குழு தந்த கடிதம், எந்த ஆணைக்குழு கொடுத்தது என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு கடதாசி, சிங்களத்தில் எழுதிய ஏதோ ஒன்று. அம்மா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பூசா தடுப்பு முகாமுக்கும் போய் வந்திருப்பார்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார், பிள்ளைகள் எங்கே என்று கேட்டு வீதியோரம் உட்காரத் தொடங்கினார்கள். அன்றைக்கு அங்கே இருந்த பலர் இன்று உயிரோடு இல்லை. ஒரு அம்மா போகும்போது அவரோடு ஒரு நேரடிச் சாட்சியும் போய்விடுகிறது, அதற்காகத்தான் அரசாங்கம் காலத்தை இழுக்கிறது என்று நான் நம்புகிறேன். வன்னியில் இந்தப் பைகளை விரித்து வைத்து முறைப்பாடு எழுதிக் கொடுக்கிற வேலையைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். இந்தக் கட்டுரை தாய்மாருக்கு இல்லை, அவர்களுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அண்ணாவைத் தேடுகிற தம்பிக்கும், அப்பாவைப் படத்தில் மட்டும் பார்த்த மகளுக்கும், கனடாவிலோ சுவிஸிலோ இருந்துகொண்டு என்ன செய்யலாம் என்று கேட்கிற மருமக்களுக்கும் எழுதுகிறேன்.

பையைப் பாயில் கொட்டுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கட்டும், ஒவ்வொரு கடதாசியையும் அவரே எடுத்து இது எங்கே தந்தது என்று சொல்லட்டும். திகதி வரிசையில் அடுக்கி, பென்சிலால் மூலையில் சின்னதாக ஒரு இலக்கம் போடுங்கள். லமினேட் பண்ணாதீர்கள். பத்திரமாக இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் செய்கிறார்கள், ஆனால் பிறகு மையையும் முத்திரையையும் சோதிக்க வேண்டி வந்தால் அது இடைஞ்சல். துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றுங்கள். அப்புறம் கைப்பேசியில் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் சரி. ஒருமுறை ஒரு அம்மாவின் முறைப்பாட்டுத் துண்டைத் திருப்பிப் பார்த்தபோது மங்கிப்போன பேனையில் ஒரு ரெலிபோன் இலக்கம் இருந்தது. முகாம் வாசலில் நின்ற ஒருவர், "இந்த இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கோ" என்று எழுதிக் கொடுத்ததாம். எட்டு வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, எந்த மனுவிலும் ஏறவில்லை.

ஒரு தொலைபேசி இலக்கம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டுக் கடற்படையினரால் தடுத்து வைக்கப்பட்ட வழக்கு அவ்வளவு தூரம் போனதற்கு ஒரு காரணம், உள்ளே இருந்தவர்கள் கடற்படைச் சிப்பாய்களின் கைப்பேசியை வாங்கி வீட்டுக்குப் பேசியதும், பெற்றோர் அந்த அழைப்புகளைப் பற்றிச் சொன்னதும்தான். அந்த வழக்கில் பிறகு நடந்தது வேறு கதை, 2021இல் முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டைக் கைவிடச் சட்டமா அதிபர் முடிவெடுத்தார். ஆனாலும் அந்த வழக்கு இருப்பதே குடும்பங்கள் சின்னச் சின்ன விஷயங்களைக் கைவிடாமல் வைத்திருந்ததால்.

போரில் எல்லாக் கடதாசியும் போய்விட்டது என்கிற வீடுகளும் உண்டு, முள்ளிவாய்க்காலில் இருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். அப்படியென்றால் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். பாடசாலையில் சேர்வு இடாப்பு இருக்கும், தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவு இருக்கும், கிராம சேவகரிடம் பழைய குடும்ப விபரம் இருக்கலாம். முன்பு பதிந்த முறைப்பாட்டின் பிரதியைப் பொலிஸிலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தர முடியாது என்று எழுதித் தந்தாலும் அதைக் கவனமாக வையுங்கள், அதுவும் ஒரு ஆவணம்.

ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். போன திகதி, போன இடம், யாரைச் சந்தித்தோம், என்ன கொடுத்தோம், என்ன இலக்கம் தந்தார்கள், வாயால் என்ன சொன்னார்கள். இலக்கமும் முத்திரையும் இல்லாமல் எந்த இடத்திலும் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். முடியாது என்றால் திரும்பி வந்து அதையே பதிவுத்தபாலில் அனுப்புங்கள், தபால் பற்றுச்சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

இனிக் கஷ்டமான பகுதி. அம்மாவின் கதையை எழுத வேண்டும்.

அம்மா இந்தக் கதையை நூறு தரம் சொல்லியிருப்பார். 1994இல் அமைத்த ஆணைக்குழுக்களுக்குச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், 2010இல் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு, 2013இல் பரணகம ஆணைக்குழுவுக்கு. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அவசரமாகக் கேட்டு, தனக்குப் புரிந்ததை எழுதி, சில வேளை சிங்களத்தில் மொழிபெயர்த்து முடித்திருப்பார். அதனால் ஒரு கடதாசியில் ஏப்ரல் 18, இன்னொன்றில் மே 18. ஒன்றில் "இராணுவத்திடம் ஒப்படைத்தோம்", இன்னொன்றில் "யுத்தத்தில் காணாமல் போனார்". எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இந்த இடத்தில்தான் கை வைப்பார்.

ஆகவே முதலில் பழைய கடதாசிகளைக் காட்டாமல் அம்மாவைப் பேச விடுங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். நடுவில் திருத்தாதீர்கள், "போன தரம் வேற மாதிரிச் சொன்னீங்கள்" என்று சொல்லவே வேண்டாம். ஒலிப்பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திகதி நினைவில்லை என்றால் அதை ஊகித்து எழுதக்கூடாது. அன்றைக்குப் பொங்கலுக்கு முன்னா பின்னா, நல்லூர்த் திருவிழா தொடங்கிவிட்டதா, ஆஸ்பத்திரிக்குக் குண்டு விழுந்ததற்கு எத்தனை நாள் கழித்து என்று கேளுங்கள், பதில் வரும். தானே கண்ணால் கண்டது எது, இன்னொருவர் சொல்லிக் கேட்டது எது என்பதை வேறு வேறாக எழுதுங்கள், சொன்னவரின் பெயரோடு.

என்னென்ன கேட்பது? எந்த இடம், ஊர்ப் பெயர் மட்டும் போதாது, எந்தச் சந்தி, எந்தப் பாலம், எந்த வளவு. வந்தவர்கள் சீருடையா சிவிலா. என்ன நிறம், தோளில் என்ன சின்னம், என்ன மொழி பேசினார்கள், தமிழ் பேசினால் எப்படிப்பட்ட தமிழ். வாகனம் வேனா பஸ்ஸா, இலக்கத் தகட்டில் ஒரு எழுத்தாவது நினைவிருக்கிறதா. கூட வேறு யார் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களில் யாராவது திரும்பி வந்தார்களா. கடைசிக் கேள்வி மிக முக்கியம், ஏனென்றால் திரும்பி வந்தவர்தான் உங்கள் சாட்சி, அவர் இன்று லண்டனில் இருந்தாலும் அங்கேயே ஒரு சட்டத்தரணி முன்னால் சத்தியக் கடதாசி எழுதி அனுப்பலாம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் காசு அனுப்புவதைவிட இந்த ஒரு வேலையைச் செய்து தந்தால் பெரிய உதவி.

திருகோணமலையில் 1990 ஜூனில் இராணுவம் கொண்டுபோன மகனுக்காக ஒரு தந்தை ஐ.நா. மனித உரிமைகள் குழு வரை போனார். அடுத்த வருடம் ஒரு வெள்ளை வேனில் மகனைத் தான் கண்டதாகச் சொன்னார், வேனின் இலக்கத்தையும் குறித்து வைத்திருந்தார். 2003இல் அந்தக் குழு இலங்கை அரசு பொறுப்பு என்று முடிவு சொன்னது, மகன் எங்கே என்று தெரியாமல் பெற்றோர் பட்ட வேதனையே ஒரு உரிமை மீறல் என்றும் சொன்னது.

எழுதி முடித்த பிறகு பழைய கடதாசிகளோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மறைக்காதீர்கள். ஒரு சட்டத்தரணியோ சமாதான நீதவானோ முன்னால் சத்தியக் கடதாசி முடித்து, "இன்ன முறைப்பாட்டில் திகதி பிழையாகப் பதியப்பட்டுள்ளது, அப்போது மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை" என்று நேராக எழுதிவிடுங்கள். நான் பார்த்த அளவில், தானே சொல்லித் திருத்திய பிழை யாரையும் கெடுத்ததில்லை.

சொல் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். "காணாமல் போனார்" என்று பொலிஸ் எழுதினால் அவர் சந்தைக்குப் போய் வழி தவறினவர் மாதிரி ஆகிவிடும். கைது செய்தார்கள், கடத்தினார்கள், சரணடைந்தார், நாங்களே கையில் பிடித்து ஒப்படைத்தோம், இதில் எது நடந்ததோ அதை எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம், சிங்களத்தில் எழுதினால் தமிழில் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, எங்கே கொடுப்பது, எது எதற்கு உதவும்?

சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் பதிந்திருந்தால் அந்த இலக்கத்தைத் தேடி எடுங்கள், இலங்கையில் அவர்களிடம் 16,000க்கும் மேற்பட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இரகசியம் காக்கிற அமைப்பு, நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள். தேடுவதற்கு அவர்கள், வழக்குக்கு வேறு வழி.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், ஓ.எம்.பி. என்று நாம் சொல்வது, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, 2018இல்தான் இயங்கத் தொடங்கியது. பல தாய்மார் அதன் படியைக்கூட மிதிக்க மாட்டோம் என்கிறார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதன் கண்டறிதல்களால் யார் மீதும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ வராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் போவதா இல்லையா என்பது அம்மாவின் முடிவு, அவரை வற்புறுத்தாதீர்கள். போவதென்றால் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்து, பிரதியை வாங்கி, எந்தக் கேள்விக்கும் "இறந்திருப்பார் என்று நம்புகிறேன்" என்ற தொனியில் பதில் பதியப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்துத்தான் சான்றிதழ் பிரச்சினை. முன்பெல்லாம் காணி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் அலுவல் எதற்குப் போனாலும் மரணச் சான்றிதழ் கேட்டார்கள், 2010இல் வந்த ஒரு தற்காலிகச் சட்டம் அதை எடுப்பதை இலகுவாக்கியும் விட்டது. கணவன் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிற ஒரு பெண்ணிடம் அவன் செத்துவிட்டான் என்று கையெழுத்துக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று யோசியுங்கள், அதுவும் நூறு ரூபா உதவிப் பணத்துக்கும் அந்தக் கடதாசி வேண்டும் என்கிற நிலையில். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுக் காணப்படாமைச் சான்றிதழ் என்று ஒன்று வந்தது. ஆள் இறந்ததாக அது சொல்லாது. ஆனால் அதைக் கொண்டு அவரது சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், உதவித்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். யாராவது அலுவலர் "மரணச் சான்றிதழ் எடுத்தால் கெதியில் முடியும்" என்றால், வேண்டாம், மற்றதைத் தாருங்கள் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஏற்கெனவே வறுமையில் மரணச் சான்றிதழ் எடுத்தவர்களைக் குறை சொல்லாதீர்கள், சட்டத்தரணியிடம் காட்டி அடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இழப்பீடு வாங்குவதும் அப்படித்தான். வாங்கினால் வழக்கைக் கைவிட்டதாக அர்த்தம் இல்லை, ஆனால் கையெழுத்திடும் கடதாசியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் வாசியுங்கள்.

நீதிமன்றம் என்றால் ஆட்கொணர்வு மனு. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ போடலாம். "இந்த ஆளை இன்னார் பிடித்தார்கள், நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள்" என்பதுதான் மனுவின் சாரம், ஆகவே யார் பிடித்தது என்பதற்குச் சாட்சி இருக்க வேண்டும். மேலே சொன்ன கேள்விகள் எல்லாம் இதற்காகத்தான். 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களுக்காக வவுனியா மேல் நீதிமன்றத்தில் குடும்பங்கள் மனுப் போட்டார்கள், விடுதலைப் புலிகளின் திருகோணமலை அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த எழிலனின் மனைவி அனந்தி சசிதரனும் அதில் ஒருவர். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் விசாரணை, தவணை மேல் தவணை. கடைசியில் 2022 டிசெம்பரில், எழிலன் உட்பட்டவர்களை இராணுவம் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆட்கள் இன்னும் வரவில்லை. ஆனால் "எங்களிடம் யாரும் சரணடையவில்லை" என்ற கதையை நம்பாத ஒரு நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருக்கிறது, அது தாய்மாரும் மனைவிமாரும் கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியத்தால் வந்தது. தெற்கிலும் இப்படி ஒரு தீர்ப்பு உண்டு, ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் திக்வெல்லப் பக்கம் கொண்டுபோகப்பட்ட இளைஞர்களின் வழக்கில் 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குடும்பங்களுக்குப் பணம் செலுத்தச் சொல்லி, பொறுப்பானவர்கள் மீது விசாரணைக்கும் வழி திறந்தது. சிங்களத் தாய்மாரோடும் பேசுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், அவர்களிடமும் அதே பை இருக்கிறது.

2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமல் ஆக்குவதை 20 வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பழைய சம்பவங்களுக்கு அது செல்லாது என்று சொல்வார்கள். ஆள் எங்கே என்பது தெரியவரும் வரை குற்றம் தொடர்ந்துகொண்டே இருக்கிறது என்பது சர்வதேசச் சட்டத்தின் நிலைப்பாடு, உங்கள் சட்டத்தரணி அதைப் பிடித்து வாதாடலாம்.

ஜெனீவா என்றதும் பெரிய விஷயம் என்று பயப்பட வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு 1980இல் இருந்து இயங்குகிறது, இலங்கையில் இருந்து அங்கே போன முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கில். உள்நாட்டு நீதிமன்றம் எல்லாம் ஏறி இறங்கிவிட்டு வா என்று அவர்கள் கேட்பதில்லை. முழுப் பெயர், திகதி, இடம், கொண்டுபோனது யார் என்று நம்புகிறீர்கள், தேடுவதற்கு இதுவரை என்ன செய்தீர்கள், இவ்வளவும் தெளிவாக இருந்தால் போதும். உங்களுக்காக இன்னொரு அமைப்பு அனுப்பினால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். அவர்கள் அரசாங்கத்திடம் பதில் கேட்பார்கள், தண்டிக்க மாட்டார்கள். அது வேறு, 2021இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானத்தால் ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தில் தொடங்கிய சாட்சியச் சேகரிப்பு வேறு. பின்னது எதிர்கால வழக்குகளுக்காக ஆதாரங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது, வெளிநாட்டில் இருக்கிற சாட்சிகள் அங்கே பேசுவது நல்லது.

இதையெல்லாம் வாசிக்கிறபோதே இன்றைக்கு யாரையாவது பிடித்துக்கொண்டு போனால்? நேரத்தைக் குறியுங்கள், வாகனத்தைப் படம் எடுங்கள், கைதுக்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் கைது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும், அவர்களிடம் விசாரித்து அன்றே முறைப்பாட்டையும் கொடுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரே ஒரு மாதம்தான் அவகாசம், அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கிற காலம் அதில் கணக்கில் வராது. மூன்று மாதத்துக்குள் நடந்ததை ஐ.நா. செயற்குழு அவசர நடைமுறையில் எடுக்கும்.

அடுத்தது எழுதுவதற்கே கை வராத விஷயம், ஆனாலும் எழுத வேண்டும். 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. யாழ்ப்பாணம் செம்மணியில் 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டன, 2025இல் அங்கேயே சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட 200க்கும் அதிகமான எலும்புக்கூடுகள். அவற்றுக்கு நடுவே ஒரு பாடசாலைப் பை, பிள்ளையின் விளையாட்டுப் பொருள், செருப்புகள். அந்த வருடம் ஒகஸ்ட் 5ஆம் திகதி நீதிமன்ற உத்தரவின்படி அவற்றை மக்கள் பார்த்து அடையாளம் சொல்ல வைத்தார்கள். ஒரு செருப்பைப் பார்த்து இது என் மகனுடையது என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தார் என்பது எங்கேயாவது எழுதியிருந்தால்தான் சொல்லலாம்.

கொப்பியில் இதற்கென்று தனியாக நாலு பக்கம் விடுங்கள். உயரம், எந்தக் கை பழக்கம், எந்தப் பல் கழற்றியது, பல் எங்கே கட்டியது, சின்ன வயதில் மாமரத்தால் விழுந்து எந்தக் கை உடைந்தது, ஷெல் துண்டு உடம்பில் எங்கே இருந்தது. உடுப்பு, பெல்ட், மோதிரம், கழுத்தில் நூலா சங்கிலியா. என்னிடம் ஒரு அம்மா சொன்னார், மகனின் நீலக் கட்டம் போட்ட சேட்டில் மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை, கறுப்புப் பொத்தான் கிடைக்காததால் தன் சட்டையில் இருந்ததை வெட்டி வைத்துத் தைத்தாராம். பதினைந்து வருடத்தில் எந்த அதிகாரியும் அதைக் கேட்கவில்லை. டி.என்.ஏ. மாதிரி கொடுப்பதென்றால் நீதிமன்ற உத்தரவோடு, சட்ட வைத்திய அதிகாரி ஊடாக மட்டும், சட்டத்தரணிக்குத் தெரிந்துதான். அம்மா அப்பா உயிரோடு இருக்கும்போதே இதைப் பற்றிச் சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

பத்திரிகையிலோ புனர்வாழ்வு முகாம் படத்திலோ உங்கள் ஆளைக் கண்டால் முகத்தை மட்டும் வெட்டி வைக்காதீர்கள். முழுப் பக்கமும், பத்திரிகையின் பெயரும் திகதியும் சேர்த்து வேண்டும். "உங்கட மகன் முகாமில் இருக்கிறார், காசு தந்தால் கூட்டி வாறன்" என்று வருகிறவனை நம்பாதீர்கள், தாலியை விற்றுக் கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அவனது இலக்கத்தையும் பணம் போட்ட பற்றுச்சீட்டையும் கொப்பியில் ஏற்றுங்கள். புலனாய்வாளர் என்று வீட்டுக்கு வருகிறவரிடம் பெயரும் அடையாள அட்டையும் கேட்டு, வந்த நேரத்தை எழுதி வையுங்கள், அசல் எதையும் கையில் கொடுக்காதீர்கள். சாட்சிகளின் பெயரை முகநூலில் போட வேண்டாம், அவர்கள் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள்.

படம் எடுத்த பிரதிகளில் ஒன்றை உள்ளூரில் நம்பிக்கையான ஒருவரிடமும் இன்னொன்றை வெளிநாட்டில் ஒருவரிடமும் இன்றிரவே அனுப்பிவிடுங்கள். அப்புறம் கொப்பியின் முதல் பக்கத்தில் அவரது முழுப் பெயரை அம்மாவின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே இந்தக் கொப்பி இப்போது யார் கையில் இருக்கிறது என்றும், அடுத்து யார் கையில் போக வேண்டும் என்றும் இரண்டு பெயர்.